பாட்டுக்குப் படம் ஒட்டிய கதை: ஒரு ரசிகனின் வீடியோ அனுபவங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டைப் அடிக்கிறது, படம் பார்க்கிறது தவிர வேற என்ன செய்யலாம்?" என்பார்கள். நான் உடனே சொல்லும் பதில்: "உங்களுக்குப் பிடித்த பாட்டுக்கு நீங்களே ஒரு வீடியோ செய்து பாருங்கள்." இதைவிட வேகமாக கம்ப்யூட்டரைக் கற்றுத் தரும் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. பைல், போல்டர், ஹார்ட் டிஸ்க் இடம், ஒலி, படம், சிடி பதிவு எல்லாமே இதில் வந்துவிடும்.

கடலூரில் இருந்துகொண்டு பல வருடங்களாக நான் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கிறேன். அதில் கற்றதையும், ஒரு பெரிய தவறு செய்து இழந்ததையும் இங்கே சொல்கிறேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருந்தால் போதும்.

ரசிகர் வீடியோ என்றால் என்ன?

ஒரு திரைப்படத்தையோ தொடரையோ மிகவும் விரும்பும் ரசிகர், அதன் காட்சிகளை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி, ஒரு பாட்டோடு சேர்த்துத் தன் ரசனையைக் காட்டுவதுதான் ரசிகர் வீடியோ. படத்தை எடுத்தவர் சொன்ன கதை ஒன்று. அதே காட்சிகளை வைத்து ரசிகர் சொல்வது இன்னொன்று.

இது இன்டர்நெட் வந்த பிறகு தொடங்கியது என்று நினைக்காதீர்கள். 1975-ல் அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் படங்களை ஸ்லைடு புரொஜெக்டரில் ஒவ்வொன்றாக மாற்றி, கூடவே ஒரு பாட்டை ஓட விட்டு ரசிகர்கள் முன் காட்டினார். 1982-ல் ஜிம் கபோஸ்டாஸ் என்பவர் இரண்டு விசிஆர்களை இணைத்து, ஜப்பானிய கார்ட்டூன் தொடர் ஒன்றின் காட்சிகளைப் பாட்டோடு சேர்த்தார். கம்ப்யூட்டர் இல்லாமலே இதெல்லாம் நடந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அதுதான் கேசட் ரெக்கார்டிங் சென்டர். 60 நிமிட, 90 நிமிட வெற்று கேசட்டைக் கொடுத்து, ஒரு பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், அதே வரிசையில் பதிவு செய்து தருவார்கள். சோகப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வர வேண்டும் என்று யோசித்துத்தானே பட்டியல் எழுதினோம்? அதுவும் எடிட்டிங்தான்.

என் தாய்மாமா சிதம்பரத்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாட்டுப் பதிவும் செய்து கொடுப்பார். பெரிய எம்.ஜி.ஆர். ரசிகர். கடையில் ஒரு தகர அலமாரி பூட்டியே இருக்கும். உள்ளே மாஸ்டர் கேசட்டுகள். "காப்பியை யாருக்கு வேணும்னாலும் குடு மாப்ளே, மாஸ்டர் மட்டும் கைவிட்டுப் போகக்கூடாது" என்பார். அப்போது அது எனக்குக் கடைக்காரர் பேச்சாகத்தான் பட்டது.

என் முதல் வீடியோ

2006-ல் கம்ப்யூட்டர் வாங்கினேன். பென்டியம் 4, 256 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அதில் மூவி மேக்கர் என்ற சாஃப்ட்வேர் விண்டோஸுடனே வந்தது. தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை.

எம்.ஜி.ஆர். நடித்து, ஏ.ஜகந்நாதன் இயக்கத்தில் 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் பிச்சாவரத்தில் எடுக்கப்பட்டவை. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி, சுரபுன்னையும் தில்லை மரமும் தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் காடு. அந்தத் தில்லை மரத்தால்தான் சிதம்பரத்துக்கே தில்லை என்று பழைய பெயர்.

2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை அங்கே அழைத்துப் போனேன். என்னிடம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. 512 எம்பி கார்டு. மாமா கழுத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படகின் முன்பக்கம் உட்கார்ந்தார். கையை நீட்டி எதையெதையோ காட்டிப் பேசினார். ஆறு கிளிப் எடுத்தேன்.

என் திட்டம் எளிமையானது. கடையில் வாங்கிய 'இதயக்கனி' விசிடியிலிருந்து சில காட்சிகள், அடுத்து அதே பிச்சாவரத்தில் மாமா, மீண்டும் படக் காட்சி, மீண்டும் மாமா. பின்னணியில் அந்தப் படத்தின் பாட்டு. மொத்தம் நான்கு நிமிடம்.

டைம்லைன் என்பது ஒரு தண்டவாளம்

எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தாலும் கீழே நீளமாக ஒரு பட்டை தெரியும். இதுதான் டைம்லைன். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. மேலும் கீழுமாக இருக்கும் கோடுகள் டிராக்குகள். ஒரு டிராக்கில் படம், இன்னொன்றில் படத்தோடு வந்த ஒலி, மூன்றாவதில் பாட்டு, நான்காவதில் எழுத்து. ஒரே நேரத்தில் எல்லா டிராக்கும் சேர்ந்து ஓடும். இது புரிந்துவிட்டால் பாதி எடிட்டிங் முடிந்தது.

புதியவர்கள் முதலில் படத்தை அடுக்கிவிட்டுப் பிறகு பாட்டைச் சேர்ப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பாட்டைப் போடுங்கள். பிறகு அதன் தாளத்துக்குப் படத்தை வெட்டுங்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு பாட்டில் நிமிடத்துக்கு 100 தட்டு விழுகிறது என்று வையுங்கள். 60 வினாடியை 100-ஆல் வகுத்தால், ஒரு தட்டுக்கு 0.6 வினாடி. நம் ஊர் விசிடியில் ஒரு வினாடிக்கு 25 பிரேம். எனவே ஒரு தட்டுக்கு 15 பிரேம். நான்கு தட்டுக்கு ஒரு காட்சி மாற வேண்டுமானால் 60 பிரேம். இந்த இடங்களில் வெட்டினால் படமும் பாட்டும் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். ஆனால் எல்லாத் தட்டிலும் வெட்டாதீர்கள். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

நான் தடுமாறிய இன்னொரு இடம் அளவுகள். விசிடி படம் 352-க்கு 288 புள்ளிகள். என் கேமரா 640-க்கு 480. விசிடி வினாடிக்கு 25 பிரேம், கேமரா 30 பிரேம். இரண்டையும் கலந்தபோது மாமா வரும் இடங்களில் படம் லேசாகக் குலுங்கியது. வெவ்வேறு இடங்களிலிருந்து காட்சி எடுத்தால், ப்ராஜெக்ட் தொடங்கும்போதே எந்த பிரேம் வேகத்தில் முடிக்கப் போகிறோம் என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாமா பேசும் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது. கிளிப்பின் ஒலி டிராக்கில் ரைட் கிளிக் செய்து ம்யூட் கொடுத்தேன். சத்தம் போய்விட்டது. ஒரு நொடி வேலை. வீடியோவை டிவிடியில் பதிவு செய்து மாமாவுக்குக் கொடுத்தேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

ப்ராஜெக்ட் வேறு, மூவி வேறு

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

நீங்கள் எடிட் செய்து 'சேவ் ப்ராஜெக்ட்' கொடுக்கும்போது வீடியோ அந்த பைலுக்குள் போவதில்லை. "இன்ன போல்டரில் உள்ள இன்ன கிளிப்பில், 12-வது வினாடி முதல் 15-வது வினாடி வரை எடு" என்ற குறிப்பு மட்டுமே போகிறது. சமையல் குறிப்பு மாதிரி. அரிசியும் பருப்பும் அதில் இல்லை. அதனால்தான் ப்ராஜெக்ட் பைல் மிகச் சிறியதாக இருக்கும். மூலக் கிளிப்பை அழித்தாலோ வேறு போல்டருக்கு மாற்றினாலோ ப்ராஜெக்ட் அதைத் தேடித் தவிக்கும். மூவி மேக்கரில் அந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வரும்.

'எக்ஸ்போர்ட்' அல்லது 'சேவ் மூவி' கொடுத்தால் கிடைப்பது சமைத்த சாப்பாடு. யாரும் பார்க்கலாம். ஆனால் குழம்பிலிருந்து புளியைத் தனியே எடுக்க முடியாதது போல, அதிலிருந்து பழைய ஒலியைத் திரும்ப எடுக்க முடியாது. ம்யூட் செய்த ஒலி மூவி பைலில் இருக்கவே இருக்காது.

ஆகவே காக்க வேண்டியவை மூன்று: மூலக் கிளிப்புகள், ப்ராஜெக்ட் பைல், முடிந்த மூவி. நான் மூன்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில், ஒரே வீட்டில் வைத்திருந்தேன்.

தானே புயல்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் மாடி அறையின் ஷீட் பறந்தது. கம்ப்யூட்டர் அந்த அறையில்தான் இருந்தது. விடியும்போது சிபியு பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. அதன்பின் எடுத்துப் போய்க் காட்டினேன். ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கவில்லை.

ஊரே மரங்களையும் கூரைகளையும் இழந்து நின்றபோது, ஒரு ஹார்ட் டிஸ்குக்காக அழ எனக்கு வெட்கமாக இருந்தது. மேலும், பிச்சாவரம் வீடியோவின் டிவிடி சிதம்பரத்தில் மாமாவிடம் பத்திரமாக இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

2013-ல் மாமா காலமானார்.

சத்தம் நின்றபோது தெரிந்தது

முதலாண்டு நினைவு நாளுக்கு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களும் பார்க்கட்டும் என்று அந்த வீடியோவை ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். சில நாளில் அறிவிப்பு வந்தது. பாட்டின் உரிமை வேறொருவருடையது, எனவே ஒலி நிறுத்தப்பட்டது என்றார்கள்.

இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைக் கம்ப்யூட்டரால் கணக்கிட முடியும். உரிமையாளர்கள் தங்கள் பாடல்களின் அடையாளத்தைத் தளத்திடம் கொடுத்து வைக்கிறார்கள். நாம் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவும் அவற்றோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் ஒலியை நிறுத்தலாம், வீடியோவையே தடுக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பரப் பணத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம். மனிதர் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

முதலில் கோபம் வந்தது. பிறகு சட்டத்தைப் படித்தேன். 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவு பயன்பாட்டை அனுமதிக்கிறது. ரசிகர் வீடியோ என்று தனியாக ஒரு விலக்கு கிடையாது. வீட்டில் மாமாவுக்குப் போட்டுக் காட்டியது வேறு, உலகத்துக்கே ஏற்றியது வேறு. "பணம் வாங்கவில்லை", "படத்தின் பெயரைப் போட்டுவிட்டேன்" என்பவை நல்ல பழக்கங்கள்தான், ஆனால் அனுமதி ஆகிவிடாது. திரைப்படத்துக்குப் பாதுகாப்பு, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1975-ல் வந்த 'இதயக்கனி'க்கு 2035 இறுதி வரை. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமைகள் தனிக் கணக்கு. அவர்கள் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீளும். டிவிடியின் பூட்டை உடைத்துக் காப்பி எடுப்பது பற்றி 2012 திருத்தத்தில் 65ஏ என்று தனிப் பிரிவே வந்துவிட்டது.

ஆனால் என்னை உலுக்கியது சட்டம் இல்லை. ஒலி நின்ற அந்த வீடியோவை ஓட விட்டுப் பார்த்தேன். பாட்டு இல்லை. படகில் மாமா. கை நீட்டுகிறார். வாய் அசைகிறது. ஏதோ சொல்கிறார், சிரிக்கிறார். ஏழு வருடமாக எத்தனையோ தடவை பார்த்தும், அவர் பேசுகிறார் என்பதையே நான் கவனித்ததில்லை. பாட்டு மறைத்திருந்தது. அந்தக் குரலை ம்யூட் செய்தது நான்தான். மூலக் கிளிப்பும் இல்லை.

தகர அலமாரி

2016-ல் கடையைக் காலி செய்ய அத்தை கூப்பிட்டார். தகர அலமாரியைத் திறந்தேன். கேசட் வரிசைக்குப் பின்னால் ஒரு சிடி. மேலே மாமாவின் கையெழுத்தில் 'பிச்சாவரம் - மாஸ்டர்' என்று இருந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று மாலை, இரண்டு போட்டோ பிரிண்ட் போட வேண்டும் என்று என் மெமரி கார்டை வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார் மாமா. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களில் கார்டு முழுவதையும் சிடியில் போட்டுத் தருவார்கள். கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

என் புதிய கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் வாங்கினேன். சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஒன்பது வருடம் பழைய, வீட்டில் பதிவு செய்யும் வகை சிடி. ஆறு கிளிப்பில் நான்கு திறக்கவில்லை. இன்னொரு டிரைவிலும் முயன்றேன். இரண்டு கிளிப் முழுதாக வந்தது.

அதில் ஒன்றில் குரல் இருந்தது. துடுப்புச் சத்தத்துக்கு நடுவே, 11 வினாடி.

நீங்கள் தொடங்குவதற்கு

மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதைத் தேடி இன்டர்நெட்டில் கண்ட இடத்தில் டவுன்லோட் செய்யாதீர்கள், வைரஸ் வரும். விண்டோஸ் 11-ல் கிளிப்சாம்ப் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஷாட்கட், ஓப்பன்ஷாட் இரண்டும் இலவசம். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

1. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி போல்டர். அதற்குள் 'மூலம்', 'ப்ராஜெக்ட்', 'முடிந்தது' என்று மூன்று போல்டர்கள். கிளிப்புகளை முதலில் 'மூலம்' போல்டரில் போட்டுவிட்டுப் பிறகு எடிட்டிங் தொடங்குங்கள்.

2. இடத்தைக் கணக்கிடுங்கள். வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட். நான்கு நிமிட வீடியோ 240 எம்பி. மூலக் கிளிப்புகள் இதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

3. முடித்ததை எம்பி4 வகையில், எச்.264 முறையில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். செல்போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஓடும்.

4. ஒலியை ம்யூட் செய்யும் முன் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அளவைக் குறையுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள்.

5. மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். கடலூரில் இருப்பவருக்கு சிதம்பரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க், அல்லது இன்டர்நெட் சேமிப்பகம். புயல் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஷீட்டைப் பிய்க்காது என்று நம்புவோம். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கிறதா என்று பாருங்கள்.

6. பொதுவில் ஏற்றப் போகிறீர்களா? உங்கள் சொந்தக் காட்சி, சொந்த ஒலி, அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமத்தில் பயன்பாட்டுக்கு விடப்பட்ட இசை. அந்த உரிமத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ரசிகர் வீடியோ செய்வதை நான் விடவில்லை. வீட்டுக்குள் போட்டுப் பார்த்துச் சிரிக்க இன்றும் செய்கிறேன். அடுத்தவர் எடுத்த காட்சியை வெட்டி ஒட்டித்தான் எங்கே வெட்ட வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று கற்றேன். ஆனால் பொதுவில் நான் ஏற்றியிருக்கும் பிச்சாவரம் வீடியோவில் இப்போது படக் காட்சியும் இல்லை, பாட்டும் இல்லை. சுரபுன்னை வேர்கள், துடுப்புச் சத்தம், மாமா. யாரும் உரிமை கோரவில்லை.

அந்த 11 வினாடியில் அவர் சொன்னது இதுதான்: "டேய் மாப்ளே, என்னைப் பிடிச்சது போதும். தண்ணியைப் பிடி. வாத்தியார் போன தண்ணிடா இது."